கையிலடங்கும் கணிப்பொறி

நோயாளியின் உடல் முன்னறிகுறி எதுவுமின்றித் திடீரென நிலைகுலைவது அருமை. பெரும்பாலும் சில மணி நேரம் முன்னரே மூச்சு விரையும், நாடி மிகும், குருதியழுத்தம் சிறிது சிறிதாகத் தாழும். இக்குறிகளைக் கண்டு எழுதிவைத்தல் செவிலியர் பணி. ஜெர்மனியில் லைப்சிக் நகர மருத்துவராகிய வுண்டர்லிக், நோய்களில் உடல்வெப்பம் ஏறி இறங்கும் வகையை ஆராய்ந்து 1868ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் நோயாளியின் அளவுகளைக் குறிக்கும் தாள், மருத்துவமனைகளில் நீங்கா இடம் பெற்றது.

ஆயினும், எழுதியதனாலேயே நோயாளி பிழைத்துவிடுவதில்லை. நள்ளிரவில் எழுதிய எண்ணை விடியுமளவும் ஒருவரும் பாராதிருப்பின், எழுதியதும் எழுதாததும் ஒன்றே.

இக்குறையை நீக்க எழுந்ததே, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் நகரில் உருவான ‘வைட்டல்பாக்’ என்னும் முறை. செவிலியர் கையடக்கமான கணிப்பொறியொன்றை ஏந்திப் படுக்கையருகே சென்று, அளந்த எண்களை அங்கேயே பதிவர். பொறி அவற்றை மதிப்பிட்டுப் புள்ளிகளைக் கூட்டி, மருத்துவரை அழைக்கவேண்டுமா என்பதையும் கூறும். வேறிடத்திலுள்ள மருத்துவரும் அவ்வெண்களைக் காணலாம். இவ்வாறு திரண்ட பதிவுகளை ஆராய்ந்து 2010இல் ஒரு புள்ளிமுறை அமைக்கப்பட்டது. அதனைத் தழுவியே, இலண்டனிலுள்ள இராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் நாடு முழுமைக்கும் உரிய முறையை வகுத்தது.

ஒரு நோயாளியை எண்ணிப் பார்ப்போம். அவர் நிமிடத்துக்கு 22 முறை மூச்சு விடுகிறார். அதற்கு 2 புள்ளி. நாடி 112, அதற்கும் 2. குருதியழுத்தத்தின் மேலெண் 100, மீண்டும் 2. குருதியிற் பிராணவாயு நூற்றுக்கு 95, 1 புள்ளி. காய்ச்சல் இல்லை, நினைவும் தெளிவாயிருக்கிறது. தனித்தனியே நோக்கின் எவ்வெண்ணும் அச்சந் தருவதன்று. கூட்டினாலோ 7. கல்லூரியின் விதிப்படி 5 என்பது விரைந்து பார்க்கவேண்டிய நிலை. 7 என்பது உடனடி ஆபத்து நிலை.

இச்சிறு கூட்டலில் யார் பிழைசெய்வர் எனலாம். இரவெல்லாம் விழித்துப் பல படுக்கைகளைச் சுற்றிவருபவர் செய்வர். அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. தாளிற் கணக்கிடுதலையும் பொறியிற் கணக்கிடுதலையும் ஒப்பிட்டு 2006இல் வெளிவந்த ஆய்வில், பொறியே பிழை குறைந்ததாகக் காணப்பட்டது.

பயன் யாது? போர்ட்ஸ்மவுத் குயீன் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் இம்முறை பரவியபின், இறப்பு நூற்றுக்கு 7.75 என்பதிலிருந்து 6.42 ஆகக் குறைந்ததென 2014இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. கவெண்ட்ரி நகர மருத்துவமனையிலும் இறப்பு குறைந்தது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வாதலின், பிற காரணங்களும் உடனிருந்திருக்கக் கூடும்.

குறைகளும் உள. படுக்கைதோறும் செல்லும் பொறி, துடைத்துத் தூய்மை செய்யாவிடின் நோய்க்கிருமிகளையும் உடன்கொண்டு செல்லும். திரையில் ஊன்றிய கண் நோயாளியின் முகத்தைக் காணத் தவறுதலும் உண்டு.

இன்னொன்று மூச்சின் எண்ணிக்கை. பல மருத்துவமனைகளில் இன்றும் அதனைச் செவிலியரே மார்பின் ஏற்ற இறக்கத்தை நோக்கி, கடிகாரத்தின் துணையால் எண்ணுகின்றனர். எண்ணாமலே 18 என்று இட்டுவிட்டால், பொறி அதனையும் மெய்யென்றே கொள்ளும்; மேற்கூறிய நோயாளியின் 7 புள்ளி, 5 ஆகிவிடும்.