கடைச் சாவியை இன்னொருவரிடம் கொடுக்கப் பழகுதல்

மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாள் கடந்து இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பிறகு வருவோருள் சொந்தத் தொழில் செய்வோர் மிகுதி. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "கடையப் போட்டுட்டு எப்படிங்க வர்றது?" கொடுமுடியில் மகுடேசுவரர் கோயிலைச் சுற்றிப் பூசைப் பொருள் விற்பவர், சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கொப்பரை ஏலத்தை நம்பியிருக்கும் சிறு வியாபாரி, நான்கு விசைத்தறிகளை வைத்துக் கூலிக்கு நெய்பவர், பேருந்து நிலையத்தருகே உணவுக்கடை நடத்துபவர் எனத் தொழில் மாறினாலும் விடை மாறுவதில்லை. இவர்களை அக்கறையற்றவர்கள் என்று கூற இயலாது. தாம் இல்லாவிட்டால் தொழில் அன்றே நின்றுவிடும்படி அதனை அமைத்துக்கொண்டவர்கள் இவர்கள். உடலும் குடும்பமும் அதற்கு என்ன விலை கொடுக்கின்றன என்பதையும், அவ்வமைப்பை எங்கிருந்து மாற்றத் தொடங்கலாம் என்பதையும் இங்குக் காண்போம்.

ஓய்வின்றித் தொடரும் தொழில் நெருக்கடியால் ஏற்படும் இந்நிலையைத் தொழிற்சோர்வு எனலாம். 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர் 'பர்ன்அவுட்' என்ற பெயரில் இதனை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு 2022 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது தொழிற்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், தொழில்சார் நிகழ்வாகவே வரையறுத்து மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: ஆற்றல் வற்றிப்போதல், தொழிலின்மீது மனவிலகலும் வெறுப்பும் தோன்றுதல், செயல்திறன் குறைந்துவிட்டது என்னும் உணர்வு. கடைமொழியில் சொன்னால், இரவு உறங்கி எழுந்தும் களைப்பு நீங்காது. வாடிக்கையாளர் படியேறி வருவதைக் கண்டவுடன் எரிச்சல் வரும். முன்பு மனக்கணக்கில் முடிந்த கூட்டல் இப்போது இருமுறை தவறும். வசூலிக்கவேண்டிய பாக்கியைக் கேட்கவும், மாதந்தோறும் 20-ஆம் தேதிக்குள் முடிக்கவேண்டிய ஜி.எஸ்.டி. கணக்கைத் திறக்கவும் மனம் வராது.

நேரக் கணக்கையும் பார்ப்போம். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடும் கடையில் உணவுக்கும் உறக்கத்துக்குமாக நண்பகலில் இரண்டு மணி நேரத்தைக் கழித்தாலும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வேலை. விடுமுறையின்றி வாரத்திற்கு 91 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்திற்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்போருடன் ஒப்பிடுகையில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல். ஏற்கெனவே நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இது பொருட்படுத்தத்தக்க செய்தி.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கடை ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்து, வாரவிடுமுறையும் அளிக்கிறது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் ஊழியர் அமர இருக்கை தரவேண்டும் என்றும் விதித்தது. உரிமையாளருக்கு இத்தகைய வரம்பு எதுவுமில்லை. இருக்கமுடியும் என்றும் தோன்றவில்லை. அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டால்தான் உண்டு.

அவ்வாறு விதித்துக்கொள்ளும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதன்று. அமாவாசையன்று ஏர் பூட்டாத உழவர்களும், அன்று வேலைக்கு வராத தச்சரும் கொத்தனாரும் இன்றும் உள்ளனர். அவ்வழக்கத்தின் காரணம் எதுவாயினும், மாதத்தில் ஒரு நாள் கருவிகள் கீழே வைக்கப்பட்டன. ஊர் முழுவதும் அதனை அறிந்திருந்ததால் யாரும் அன்று வேலைக்கு அழைக்கவில்லை. கொடுமுடிக் கடைவீதியின் நிலை இதற்கு நேர்மாறானது. அமாவாசையும் ஆடிப்பெருக்கும் காவிரியில் நீராடவும் பரிகாரம் செய்யவும் கூட்டம் திரளும் நாட்கள், வருமானம் அன்றுதான். ஆகவே கடைக்காரர் தமக்குரிய 'அமாவாசையை' வேறொரு நாளில் தேடிக்கொள்ள வேண்டும். கடந்த மூன்று மாத விற்பனைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். மிகக் குறைவாக விற்பனை நடந்த அரைநாள் ஒன்று பெரும்பாலும் தென்படும். அந்த அரைநாளை மூடி, அதனைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டால், சில வாரங்களில் வாடிக்கையாளர் பழகிக்கொள்வர். முன்னறிவிப்பின்றிச் சிலநாள் மூடுவதுதான் வாடிக்கையைக் கெடுக்கும்.

ஆயினும் அரைநாள் மூடுவது தொடக்கம் மட்டுமே. உரிமையாளரைத் தவிர இன்னொருவர் கடையைத் திறந்து ஒரு நாள் நடத்த முடியுமா என்பதே முதன்மையான வினா. மாரடைப்பு வந்து இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் வீடு திரும்பிய ஐந்தாம் நாளே 25 கிலோ அரிசிப் பையைத் தூக்குவதற்குக் காரணம், பெரும்பாலும் பணத்தேவையைவிட, எந்தச் சரக்கு யாரிடம் என்ன விலைக்கு வாங்கப்படுகிறது என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருப்பதுதான். கொள்முதல் விலை, விற்பனை விலை, சரக்கு தருவோரின் தொலைபேசி எண்கள், கடன் வைத்திருப்போர் பட்டியல், மின்கட்டணமும் தவணையும் செலுத்தவேண்டிய நாட்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு மனைவியோ, கணவரோ, தம்பியோ, நெடுநாள் உடன் உழைக்கும் பணியாளரோ ஒருவரிடம் அந்த நோட்டையும் மாற்றுச் சாவியையும் கொடுத்து, நீங்கள் நலமாக இருக்கும்போதே ஒரு நாள் கடையை நடத்தச் செய்யுங்கள். சிறு பிழைகள் நேரும். சில நூறு ரூபாய் இழப்பும் நேரலாம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில் படுக்கையில் இருந்தபடி தொலைபேசியில் விலை சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது மலிவானது.

கூலிக்கு நெய்து தருவோருக்குச் சோர்வின் வேர் நேரத்தைவிடப் பணநிலுவையில் இருப்பதும் உண்டு. சிறு, குறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தரப்படவேண்டும் என்கிறது. இதனை மருத்துவர் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் உறக்க மாத்திரை கேட்டு வருவோர் சிலருக்கு அதற்கு முன்பாக ஒரு கணக்காளரின் ஆலோசனை தேவைப்படுகிறது.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. வீட்டில் நேரத்துக்கு உண்பவரை எண்ணி எழுதப்பட்ட மருந்துச்சீட்டு, கல்லாவில் அமர்ந்து தேநீரால் பசியாற்றுபவருக்குப் பொருந்தாது. கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு, கூட்டம் குறையட்டும் என்று உணவைத் தள்ளிப்போட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமற்ற கோபம் ஆகியவை அதன் அறிகுறிகள். 'வேலைக் களைப்பு' என்று இவற்றைப் புறக்கணிப்போர் பலர். அந்நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, பிறகு உணவு உண்ணவேண்டும். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள். கழிவறை வசதி இல்லாத கடைகளில், சிறுநீர் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரையைச் சிலர் சொல்லாமலே நிறுத்திவிடுகின்றனர். பெண்கள் பலர் தண்ணீர் பருகுவதையே குறைத்துச் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகின்றனர். மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ நேரத்தையோ மாற்றித்தர இயலும்.

இனி, உடனிருப்போருக்கு. சிறு கடைகளில் உரிமையாளர் என்று பெயர்ப்பலகையில் இருப்பவர் ஒருவர், சோர்வடைவோர் இருவர். இரவு முழுவதும் வார்டில் கணவருக்குத் துணையிருந்து, விடியலில் கடை திறக்கச் செல்லும் மனைவியின் இரத்த அழுத்தத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அடுத்தமுறை நோயாளியுடன் வரும்போது நீங்களும் அளந்துகொள்ளுங்கள். உறவினர்களும் "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று கூறிச் செல்வதினும், "வியாழக்கிழமை மாலை நான் கடையைப் பார்த்துக்கறேன்" என்று நாளும் பொழுதும் குறித்துச் சொல்வது பயன் தரும்.

கைப்பேசி கடையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. இரவு 11 மணிக்கும் வாட்ஸ்அப்பில் சரக்குப் பட்டியல் வருகிறது. கடைக்கெனத் தனி எண் வைத்துக்கொண்டு, அக்கருவியைக் கடை மூடும்போது கல்லாவிலேயே வைத்துப் பூட்டிவிடலாம். அது இயலாதெனில், உணவு உண்ணும் நேரத்திலும் பிள்ளைகள் உறங்கச் செல்லும் நேரத்திலுமாவது அடுத்த அறையில் இருக்கட்டும்.

எல்லாக் களைப்பையும் தொழிற்சோர்வு என்று கருதிவிடவும் கூடாது. இரத்தசோகை, தைராய்டு குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, குறட்டையுடன் கூடிய உறக்க மூச்சுத்தடை ஆகியவையும் இதேபோல் தோன்றும். பெரும்பாலானவற்றை எளிய இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். தொழிலை விட்டு விலகியிருக்கும் நாளிலும் எதிலும் மகிழ்ச்சியின்மை, பசியின்மை, தன்மீதே வெறுப்பு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு; கடையை மூடிவிடுவதால் மட்டும் அது குணமாகாது. வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினால், அல்லது வீட்டில் ஒருவர் அவ்வாறு பேசினால், அன்றே அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிவாருங்கள்: கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், உண்மையில் உணவு உண்ணும் நேரம், ஒரு நாளில் பருகும் தேநீர்க் குவளைகள், உறங்கும் மணிநேரம், கடந்த மாதம் தவறிய மாத்திரைகள், மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது என்பது. மருந்துச்சீட்டை அதற்கேற்ப மாற்றி எழுதுவோம்.