முதுமையில் இடுப்பெலும்பு முறிவு: பழவேற்காட்டுக் குப்பங்களை முன்வைத்து

முன்னுரை

பழவேற்காடு என்றவுடன் நம்மில் பலருக்கு டச்சுக்காரர் கல்லறைகளும், கூட்டமாய் வந்திறங்கும் பூநாரைகளும் நினைவுக்கு வரும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி அது என்பதைப் பாடநூலில் படித்திருக்கிறோம். அந்த ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவன் நான். விலங்கியல் பயில்பவனேயன்றி மருத்துவ மாணவன் அல்லன். ஆயினும் எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பாயில் வீழ்த்தும் ஒரு துன்பத்தைப் பற்றி, படித்தும் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுத விழைகிறேன். அத்துன்பம் இடுப்பெலும்பு முறிவு.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். ஆகவே இது ஒரு குப்பத்தின் சிக்கல் மட்டுமன்று.

முறிவது எது?

இடுப்பு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் உண்மையில் முறிவது தொடை எலும்பின் மேற்பகுதியே. பந்து போன்ற தலையும், அதைத் தாங்கும் குறுகிய கழுத்தும், கழுத்துக்குக் கீழே தசைகள் பற்றும் புடைப்புகளும் அங்கே உள்ளன. கழுத்தில் முறிவதும், புடைப்புப் பகுதியில் முறிவதும் வெவ்வேறு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் பிரித்துக் காட்டினார். இப்பிரிவு இன்றும் பயன்படுகிறது. எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களுள் முக்கியமானவை கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அக்குழாய்களும் அறுபடலாம். தலை இரத்தமின்றி மடியலாம். எனவே அத்தகைய முறிவில் முதியோருக்குப் பெரும்பாலும் உலோகத் தலையைப் பொருத்துகிறார்கள். புடைப்புப் பகுதியில் முறிந்தால் தகடோ கம்பியோ திருகோ கொண்டு இணைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு என்பதுதான் முதல் பேச்சு. கை, முன்கை முறிவுகளில் வெளியிலிருந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் எலும்பு அசையாமல் நிற்கக்கூடும். தொடை எலும்பின் கழுத்தோ தடித்த தசைகளுக்குள் ஆழத்தில் இருக்கிறது. எந்தக் கட்டும் அதை அசையாமல் பிடிக்க இயலாது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் வேண்டும். விழுந்தவர் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் சாய்ந்து கிடந்தால் எண்ணெய் தேய்த்துக் காலம் போக்காமல் 108 ஊர்தியை அழைப்பதே செய்யத்தக்கது.

பாய் என்னும் பகைவன்

"வயசாச்சு, அசையாமப் படுத்துக் கிடக்கட்டும்" என்பது அன்பினால் சொல்லும் சொல். ஆனால் ஆபத்தான சொல். அசையாது கிடக்கும் முதியவருக்கு நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரும், காலில் இரத்தம் உறையும், முதுகில் படுக்கைப் புண் தோன்றும், மனம் குழம்பும். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. அவர்களைக் கொல்வது பெரும்பாலும் முறிவு அன்று. முறிவைத் தொடர்ந்து வரும் இவையே.

தசையின் கதை இன்னும் வியப்பானது. நலமாக இருந்த முதியோரைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்து அளந்த ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. அப்பத்து நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. நோயற்றவருக்கே இவ்வாறெனில் எலும்பு முறிந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதனால்தான் இன்றைய மருத்துவர்கள் கூடுமானவரை ஓரிரு நாளில் அறுவை சிகிச்சையை முடித்து, மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்துகிறார்கள்.

ஓராண்டுக் கணக்கு

எங்கள் தெருவில் தலைச்சுமையாக மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய ஓர் ஆயா இருந்தார். விடியுமுன் வாசலில் கிடந்த வலைக்கயிறு காலில் சிக்கி விழுந்தார். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீடு திரும்பி ஒரு மாதம் ஆகியும் அவரால் தனியே நடக்க இயலவில்லை. "அவ்வளவுதான், இனி ஆயாவுக்குப் பாய்தான்" என்று ஊர் முடிவு கட்டியது.

அம்முடிவு எத்துணை அவசரமானது என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இத்தகைய நோயாளிகளை ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனச்சோர்வு தணியவும், கையால் செய்யும் வேலைகள் திரும்பவும் ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. நடையும் உடல் நிலைப்பும் ஒன்பது மாதம் வரை தேறிக்கொண்டே வந்தன. எழுதல், படியேறல் முதலிய கால்வேலைகளுக்கு ஏறக்குறைய ஓராண்டு சென்றது. ஆகவே முதல் மாதத்தில் கண்ட நிலையை முடிந்த நிலை என்று கொள்வது, நாற்று நட்ட மாதத்திலேயே விளைச்சலைக் கணக்கிடுவதற்கு ஒப்பாகும்.

எல்லோரும் பழைய நிலையை அடைவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. முன்போல் நடப்பவர் ஏறத்தாழப் பாதிப்பேரே. எங்கள் ஆயாவும் மீண்டும் கூடை சுமக்கவில்லை. ஆனால் அவர் மகள் விடாமல் நாள்தோறும் மூன்று வேளை நடக்க வைத்தார். எட்டாம் மாதத்தில் ஆயா கோலூன்றித் துறைக்கு வந்து, முக்காலியில் அமர்ந்து இறால் தரம் பிரித்தார். அதற்குக் கிடைத்த கூலி சிறிது. அவர் முகத்தில் கண்ட தெளிவு பெரிது.

மணலும் பாயும் கழிப்பிடமும்

மருத்துவமனையின் வழுவழுப்பான தரையில் பழகிய வாக்கர், குப்பத்து மணலில் புதைகிறது. ஆயாவின் நடைக்கு முதல் தடை இதுதான். வாசலிலிருந்து சாலைவரை பழைய பலகைகளைப் பரப்பியதும் தடை நீங்கிற்று.

இரண்டாவது தடை நம் வாழ்க்கை முறை. நாம் தரையில் உண்கிறோம், தரையில் உறங்குகிறோம், குந்தி அமர்ந்து மீன் அரிகிறோம். உலோகத் தலை பொருத்தியவர் ஆழமாகக் குந்தினாலோ சப்பணமிட்டாலோ மூட்டு நழுவக்கூடும். எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும். ஒரு கயிற்றுக் கட்டில், உயரமான நாற்காலி, நடுவே துளையிட்ட கழிப்பிட நாற்காலி ஆகிய மூன்றும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாவது உணவு. வாழ்நாளெல்லாம் மீன் விற்றவள் வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சிய குழம்போடு நிறைவடைகிறாள். தசை மீள வளரப் புரதம் வேண்டும்; ஆகவே குழம்பிலுள்ள மீன் முதலில் அவளுக்கு உரியது. முள்ளோடு தின்னும் நெத்திலியிலும், கேழ்வரகுக் கூழிலும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து மிகுதி. காலை வெயிலும் வேண்டும். கடற்கரையில் வாழ்ந்தும் வீட்டினுள் முடங்கிய முதியவருக்கு அவ்வெயில் கிடைப்பதில்லை.

இன்னொரு முறிவைத் தடுத்தல்

ஒரு முறை முறிந்தவருக்கு மீண்டும் முறிய வாய்ப்பு அதிகம். ஏனெனில் விழச் செய்த காரணமும், எலும்பின் மெலிவும் அப்படியே இருக்கின்றன. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில், இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்டோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரானிக் அமிலம் என்னும் மருந்தை நரம்பு வழியே ஏற்றினர். புதிய முறிவுகள் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு குறைந்தன, இறப்பும் குறைந்தது. எலும்பை ஒட்டவைப்பதோடு எலும்பு மெலிவுக்கும் மருந்து உண்டா என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். கண்புரையை அகற்றுதல், இரவில் விளக்கு, தலைசுற்றச் செய்யும் மருந்துகளை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்தல், நடைவழியில் வலையும் கயிறும் போடாமை ஆகியனவும் மருந்துக்கு நிகரானவை.

அரசின் உதவிகளும் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வர ஏற்பாடு உண்டு. கேட்டுப் பெறுவோர்க்கே இவை பயன்படும்.

முடிவுரை

பழவேற்காட்டு மீனவரிடையே பாடு என்றொரு முறை வழங்குகிறது. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களை வலியவன் வளைத்துக்கொள்ளாதபடி, உரிமையுடையோர் முறைவைத்து மீன் பிடிக்கும் ஒழுங்கு அது. ஏரியைப் பகிர்ந்துகொள்ளக் கற்ற சமூகத்துக்கு, ஒரு முதியவரை நடக்க வைக்கும் பணியைப் பகிர்ந்துகொள்வது அரிதன்று. இன்று அது ஒரு மகளின் அல்லது மருமகளின் தோளில் மட்டும் விழுகிறது. அவள் மீன் கூடையைத் தூக்கினால் ஆயாவின் நடை நிற்கிறது, ஆயாவின் கையைப் பிடித்தால் அடுப்பு எரிவதில்லை. தெருவிலுள்ள நான்கு வீடுகள் நாளுக்கொரு வீடாய் முறைவைத்தால் இரண்டும் நடக்கும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அடுத்து ஏரிக்கரையில் நடைபெறுமானால், மரக்கன்று நடுவதோடு, முதியோர் உள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, கழிப்பிடச் சுவரில் ஒரு கைப்பிடியும் வாசலில் நான்கு பலகையும் அமைத்துத் தருவோம். செலவு சிறிது. கீழே விழாமல் காப்பாற்றப்படும் ஒருவருக்கும், விழுந்தபின் ஓராண்டு பொறுமையுடன் நடக்கப் பழகும் ஒருவருக்கும் அதன் பயன் பெரிது.