ஈரிஸ்: அழைக்கப்படாத விருந்தாளி



நெப்டியூனையும் கடந்து, நெடுந்தொலைவில் சூரியனைச் சுற்றிவரும் சிறிய உலகம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஈரிஸ். அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் 2003ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட படங்களை ஆராய்ந்தபோது, மைக் பிரவுனும் அவருடைய குழுவினரும் 2005ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தனர்.

ஈரிஸின் விட்டம் ஏறத்தாழ 2,326 கிலோமீட்டர். நமது நிலவைவிடச் சிறியது. சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 550 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். உறைந்த மீத்தேன் போர்த்தியிருப்பதால் அதன் மேற்பரப்பு வெண்பனிபோல் ஒளிர்கிறது. சூரிய ஒளி பூமிக்கு வந்துசேர 8 நிமிடங்கள் போதும். இப்போது ஈரிஸ் இருக்கும் இடத்தை அடையவோ 13 மணி நேரத்திற்கும் மேலாகிறது.

இப்பெயர் எங்கிருந்து வந்தது? கிரேக்கப் புராணத்தில் ஈரிஸ் கலகத்தின் தெய்வம். பெலியூஸ், தெட்டிஸ் ஆகியோரின் திருமணத்திற்குத் தெய்வங்கள் பலரும் அழைக்கப்பட்டனர். ஈரிஸ் மட்டும் அழைக்கப்படவில்லை. சினங்கொண்ட அவள், ‘பேரழகிக்கு’ என்று பொறித்த பொன் ஆப்பிள் ஒன்றை விருந்தினர் நடுவே எறிந்தாள். ஹீரா, அதீனா, அஃப்ரோடைட்டி மூவரும் ‘அது எனக்கே உரியது’ என்று வாதிட்டனர். அப்பூசலே வளர்ந்து டிராய்ப் போருக்கு வித்திட்டது.

வானத்து ஈரிஸும் கலகம் விளைவித்தது! புளூட்டோ கோள் என்றால், ஏறக்குறைய அதே அளவுள்ள ஈரிஸும் கோள்தானே? இக்கேள்வி பெரும் விவாதமாயிற்று. 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ‘கோள்’ என்பதற்கு இலக்கணம் வகுத்தது. புளூட்டோ, ஈரிஸ் இரண்டுமே குறுங்கோள்கள் ஆயின. அடுத்த மாதமே ஈரிஸ் என்னும் பெயர் சூட்டப்பட்டது.

நடக்க அனுமதி பெற்ற குழந்தைகள் வார்டு நடைவழியில் ஒரு பயணம் மேற்கொள்ளலாம். உங்கள் கட்டிலே சூரியன். முதல் அடியில் பூமி. 30ஆம் அடியில் நெப்டியூன். 96ஆம் அடியில் ஈரிஸ். இன்று பூமி வரை சென்றாலும் போதும். நாளை இன்னும் சற்றுத் தூரம் செல்லலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்: ஒருவரை விலக்கி வைத்ததிலிருந்தே இக்கதையின் கலகம் தொடங்கியது. கதவுக்கு வெளியே நாம் தாழ்ந்த குரலில் பேசுவதைக் குழந்தை கவனிக்கிறது. காதில் விழாததைக் கற்பனை செய்து அஞ்சுகிறது. நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் அதன் வயதுக்கேற்ற எளிய சொற்களில் கூறுங்கள். எவ்வாறு கூறுவதெனத் தயங்கினால் எங்களை அழையுங்கள். கட்டிலருகே அமர்ந்து, குழந்தையையும் சேர்த்துக்கொண்டே பேசுவோம்.