பவளப்பாறை ஆய்வாளர்: முக்குளிப்பது மட்டுமா வேலை?

பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி, கடல் சூழலியல் படித்துப் பவளப்பாறைகளை ஆராயப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் இரண்டு குரல்கள் எழும். "அதில் என்ன சம்பளம் வரும்?" என்பது ஒன்று. "கொடுத்து வைத்தவள், நாள் முழுக்க மீன்களோடு நீந்தலாம்" என்பது இன்னொன்று. முதல் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் உண்டு. இரண்டாவதைத்தான் முதலில் திருத்த வேண்டும். அதோடு சேர்ந்து புழங்கும் இன்னும் சில நம்பிக்கைகளையும் திருத்த வேண்டும்.

"பவளப்பாறை வெறும் கல்தானே?"

இந்த எண்ணத்துக்கு மன்னார் வளைகுடா கொடுத்த விலை பெரியது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் அரண் போல நின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல பத்தாண்டுகள் அவற்றைப் பெயர்த்தெடுத்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போனதும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் பெருமளவு கரைந்து சுருங்கியது.

பவளம் ஓர் உயிர். கடுகளவு முதல் விரல்நுனி அளவு வரையுள்ள மெல்லுடல் விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. நாம் கல் என்று பார்ப்பது அவை சுரந்து வைத்த சுண்ணாம்புக் கூடு. உருண்டையாக வளரும் பவள வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். அப்படியானால் கடப்பாரையால் ஒரு காலையில் பெயர்த்த ஒரு மீட்டர் பவளத்தின் வயது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2001-இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவர்களிடம் ஏற்பட்ட விழிப்பும் சேர்ந்தபோதுதான் கல்லெடுப்பு முடிவுக்கு வந்தது.

"நாள் முழுக்கக் கடலுக்குள் இருக்கலாம்"

கடலுக்குள் இறங்குவது உண்மைதான். இறங்கிச் செய்வது எண்ணுவது. பாறைமீது 20 மீட்டர் நாடாவைக் கரையோரத்துக்கு இணையாக விரிப்பார்கள். நாடாவின் கீழே எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை உயிருள்ள பவளம், எங்கே செத்த பவளம், எங்கே பாசி, எங்கே மணல் என்று சென்டிமீட்டர் கணக்கில் குறிப்பார்கள். கையில் பிளாஸ்டிக் பலகை, நூலில் கட்டிய பென்சில். நீரோட்டம் ஆளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கலங்கல் அதிகமான நாளில் நாடாவின் மறுமுனையே கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாடா முடிந்ததும் அடுத்தது. கரையேறிய பிறகு அந்த எண்களைக் கணினியில் ஏற்றி, புகைப்படங்களோடு ஒப்பிட்டு, புள்ளியியல் முறையில் சலித்தெடுக்க மாதங்கள் ஆகும். வனத்துறை அனுமதிக்கு எழுதுவது, நிதி கேட்டு விண்ணப்பம் தயாரிப்பது, படகுக்காரரோடு நாள் பேசுவது எல்லாம் இதே வேலையின் பகுதிதான்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 2016-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த பேரழிவின் முழு அளவையும் உலகுக்குக் காட்டிய கணக்கெடுப்பு, வானத்திலிருந்து செய்யப்பட்டது. டெர்ரி ஹியூஸ் தலைமையிலான குழு சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் தாழப் பறந்து 911 பாறைத்தொடர்களைப் பார்த்துக் குறித்தது. வெளுக்காமல் தப்பியவை 68 மட்டுமே. பிறகு முக்குளிப்பவர்கள் இறங்கி, மேலிருந்து போட்ட மதிப்பெண் சரிதானா என்று சோதித்தார்கள்.

"வெளுத்துவிட்டால் செத்துவிட்டது"

இல்லை. பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் உணவில் பெரும்பங்கைச் சமைத்துத் தருபவை அவையே, நிறம் தருபவையும் அவையே. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது உள்ளேயிருக்கும் வெள்ளைக் கூடு தெரிகிறது. அது பட்டினி நிலை, இன்னும் சாவு இல்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். வெப்பம் தொடர்ந்தால் பிழைக்காது. மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் அதுதான் நடந்தது: உயிருள்ள பவளப்பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காட்டுக்கு இறங்கியது. எது பிழைத்தது, எது போனது என்று சொல்ல, வெளுத்த பின்பும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

"துண்டுகளை நட்டுவிட்டால் பாறை திரும்பிவிடும்"

இந்த நம்பிக்கைதான் இன்று அதிகம் பரவியிருக்கிறது, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். நடவு பொய்யில்லை. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் அதைச் செய்துவருகிறது. நலமான பவளத்திலிருந்து எடுத்த கிளைத்துண்டைச் சிமெண்டுப் பலகையில் கட்டி, கடலடியில் வைத்த சட்டத்தின் மேல் பொருத்தி, மேலே படரும் பாசியை அவ்வப்போது நீக்கிப் பராமரிக்கிறார்கள். நட்டவை வளர்ந்திருக்கின்றன, மீன்களும் வந்து தங்கியிருக்கின்றன.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. உலகெங்கும் நடந்த 362 மீட்டெடுப்பு முயற்சிகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஆய்வில், நட்ட பவளங்களில் சராசரியாக 60 முதல் 70 விழுக்காடு பிழைத்தது தெரிந்தது. அது நல்ல செய்தி. அதே ஆய்வின்படி ஒரு திட்டத்தின் இடைநிலைப் பரப்பு 100 சதுர மீட்டர்தான். 60 விழுக்காடு திட்டங்கள் பதினெட்டு மாதம்கூடக் கண்காணிக்கப்படவில்லை. கடல் சூடேறும் வேகத்துக்கு முன்னால் 100 சதுர மீட்டர் எந்த மூலைக்கு? வெப்பத்தைக் கூட்டும் கரியமில வாயுவைக் குறைக்காமல், நட்டுக்கொண்டே இருப்போம் என்பது கையாலாகாத ஆறுதல். இதை ஊருக்கு எடுத்துச் சொல்வதும் ஆய்வாளரின் கடமைதான். அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலில் 1970-களில் செயற்கைப் பாறை அமைக்கிறோம் என்று இருபது லட்சம் பழைய டயர்களைக் கொட்டினார்கள். கட்டு அறுந்த டயர்கள் அலையில் உருண்டு, பக்கத்திலிருந்த இயற்கைப் பாறையையே உடைத்தன. நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

"பாதுகாப்பு என்றால் மீனவரை விரட்டுவது"

பிலிப்பைன்ஸின் கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலா இதற்கு நேர்மாறாக வேலை செய்தவர். 1974-இல் சுமிலோன் தீவில் பாறையின் ஒரு பகுதியை மட்டும் மீன்பிடிக்காமல் ஒதுக்கச் செய்தார். பத்தாண்டு கழித்து, 1984-இல் அந்தக் காவல் தளர்ந்து, ஒதுக்கிய பகுதியிலும் வலை விழுந்தது. பிடிக்கும் இடம் கூடியும் தீவின் மொத்த மீன்பாடு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒதுக்கிய இடம்தான் மற்ற இடத்துக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்தது என்று அதன் பிறகு யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. அருகிலுள்ள அப்போ தீவில் மீனவர்களே தங்கள் காப்பகத்தை நடத்தினார்கள். அல்காலாவுக்கு 1992-இல் மகசேசே விருது கிடைத்தது. பாறையைத் தினமும் பார்ப்பவர் மீனவர். அவரோடு பேசத் தெரியாதவருக்கு எந்தப் பட்டமும் இந்தத் துறையில் கைகொடுக்காது.

இனி, சம்பளம். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டத்துக்குப் பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், இந்திய விலங்கியல் ஆய்வகம், கோவாவின் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகங்கள், தன்னார்வ அமைப்புகள் என்று வழிகள் உண்டு. நிரந்தர இடங்கள் குறைவு, திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். இதை மறைத்துப் பிள்ளைகளை ஆசைகாட்டி இழுப்பது தவறு.

வேண்டிய குணம் எது என்று கேட்டால், பொறுமை. அதற்கு லட்சத்தீவுகளைக் காட்டலாம். 1998-இன் பெரும் வெளுப்புக்குப் பின் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ரோஹன் ஆர்தரும் குழுவினரும் அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளின் பாறைகளை 24 ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். பவளப்பரப்பு 37 விழுக்காட்டிலிருந்து 20-க்கும் கீழே இறங்கியிருப்பதை 2025-இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு பயணத்தில் இந்த எண் கிடைத்திருக்காது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் தடுக்காதீர்கள். விலங்கியலில் இளநிலை முடித்து, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களில் முதுநிலை சேரலாம். அதற்கு முன்பே நீச்சல் கற்றுக்கொள்ளட்டும். கணக்கு வராது என்பதால் உயிரியலுக்கு வருபவர்கள் மட்டும் ஒருமுறை யோசிக்க வேண்டும். இங்கே நீச்சலைவிட அதிகம் தேவைப்படுவது புள்ளியியல்.