நாள்தவறா எழுத்து

திருவில்லிபுத்தூரைச் சார்ந்து விளங்குவது மடவார் வளாகம். வைத்தியநாதர் கோயில் கொண்டிருக்கும் இடம் அது. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரைப் பற்றிய செய்தியொன்று அப்பகுதி மக்களிடையே வழிவழியாக வழங்கி வருகின்றது. மன்னர் தீராத வயிற்றுநோயால் வருந்தினார். இவ்விடத்தே வந்து தங்கி வழிபட்டு நோய் நீங்கப் பெற்றார். அன்று முதல் இக்கோயிலின் உச்சிக்காலப் பூசை முடிந்த பின்னரே உணவு கொள்வதென்று உறுதி பூண்டார் என்பர். மதுரையோ ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பூசை முடிந்த செய்தி அங்கு உடனுக்குடன் எட்டுவது எங்ஙனம்? அதன்பொருட்டு வழிநெடுக நகரா மண்டபங்கள் எழுப்பப்பட்டன. பூசை முடிந்ததும் கோயிலில் முதல் முரசு முழங்கும். அவ்வொலி கேட்ட அடுத்த மண்டபத்தான் தன் முரசை முழக்குவான். அது கேட்டு அதற்கடுத்தவன் முழக்குவான். இவ்வாறு ஒலி மண்டபம் விட்டு மண்டபம் தாவி மதுரை அரண்மனையை அடையுமாம். இச்செய்தியை ஆண்டாள் திருக்கோயிற் பூசையோடு இயைத்துக் கூறுவாரும் உளர். எக்கோயிலாயினும் ஆகுக, எண்ணிப் பார்க்கத் தக்கது முரசறைந்தாரின் பணியே.

இடைவழி மண்டபத்தில் நின்றவன் பூசையையும் கண்டிலன், மன்னரையும் கண்டிலன். அவன் முழக்கம் வானதிரக் கேட்க வேண்டுவதில்லை. அடுத்த மண்டபத்துக்குக் கேட்டாற் போதும். ‘நன்று முழக்கினாய்’ என்று நாள்தோறும் வந்து பாராட்டுவார் அங்கு யார் இருந்திருப்பர்? ஆயினும், ஒரு நண்பகல் அவன் அயர்ந்து உறங்கினால் அச்சங்கிலி அறுந்துபோம்.

இக்காலத்தில் இணையத்தில் எழுதுவோரும், காணொளி ஆக்கி வெளியிடுவோரும் ஏறத்தாழ அவன் நிலையிலேயே உள்ளனர். தாம் சொல்வதைக் கேட்போர் முகத்தை அவர்கள் காண்பதில்லை. முன்னாளில் ஒரு நூலை உலகறியச் செய்வது எளிதாக இருந்ததில்லை. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அச்சுச் செலவுக்காகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற வேண்டியிருந்தது. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குச் சென்று அச்சுப்பணியைக் கவனிக்க வேண்டியிருந்தது. இன்றோ கைப்பேசியொன்று கையில் இருந்தால் மாணவன் ஒருவன் தன் எழுத்தை நொடிப்பொழுதில் உலகின் மறுகோடிக்கு விடுத்துவிடலாம். கதவு அகலத் திறந்து கிடக்கின்றது. ஆயின், அதனுள் நுழைந்தோர் பலர் பத்து நாள் எழுதிப் பதினோராம் நாள் காணாமற் போகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர்க்கு அறிவுக் குறையோ கருவிக் குறையோ இல்லை. தொடக்கத்தில் அச்சம் தடுக்கின்றது. அதனைக் கடந்தாரைச் சோர்வு வீழ்த்துகின்றது.

அச்சத்தை முதலில் நோக்குவோம். ‘யான் சொல்வது பிழையாயின் நகைப்பரே’ என்று தயங்குதல் மனித இயல்பு. திருக்குறளில் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. அது 73ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது அவையறிதல். இம்முறைவைப்பு ஊன்றி நோக்கத் தக்கது. கேட்போர் யாவர், அவர்க்கு எது வேண்டும், எதனை எவ்வாறு சொல்லல் தகும் என்பதை அறிந்த பின்னரே அஞ்சாமை பேசப்படுகின்றது. ஒன்றும் அறியாமல் கூட்டத்தின்முன் நின்று உரக்கக் கூவுதல் துணிவு ஆகாது. அதனை நாணமின்மை என்றே சொல்லுதல் வேண்டும். இணையத்தில் அதற்குப் பஞ்சமில்லை. சொல்லப் புகும் பொருளை நேரிற் கண்டும், அறிந்தாரைக் கேட்டும், நூல்களோடு ஒத்துப் பார்த்தும் தெளிந்தவனுக்குத் தன்னம்பிக்கையை எவரும் ஊட்ட வேண்டுவதில்லை. அஃது அவன் சேர்த்த அறிவிலிருந்தே ஊறி வரும்.

இனி, சோர்வின்மைக்குச் சான்றாக ஒருவரைக் கூறலாம். விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் 2001ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கப் பெற்றது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், எழுதியவர்க்குக் கூலி இல்லை என்பவை அதன் அடிப்படை. தமிழ்ப் பகுதி 2003இல் தோன்றியது. தோன்றிய பொழுது அது பெயரளவிலேயே இருந்தது. பக்கங்களைத் திறப்பதற்கும் சேமிப்பதற்கும் உரிய குறிப்புச் சொற்கள்கூட ஆங்கிலத்தில் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் அங்கு வந்து சேர்ந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த அவர் கட்டடக்கலைஞர். ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்து வந்தவர். குறிப்புச் சொற்களைத் தமிழாக்கும் பணியில் முதலில் ஈடுபட்டார். பின்னர்க் கட்டுரைகளை எழுதத் தலைப்பட்டார்.

தொடக்கக் காலத்தில் அங்கு அவர்க்குத் துணையாக எழுதியோர் மிகச் சிலரே. தாம் எழுதுவதைப் படிப்பார் உளரோ என்பதே ஐயத்துக்குரியதாக இருந்த காலம் அது. தமிழில் இணையம் என்பதே பலர்க்குப் புதுமை. வீட்டில் கணிப்பொறி உடையோரும் குறைவு. அலுவல் முடிந்த பின்னர் எஞ்சும் பொழுதில் அவர் எழுதினார். கட்டடக்கலை, மானிடவியல், யாழ்ப்பாணத்து வரலாறு எனத் தமக்குத் தெரிந்த துறைகளையே முதலில் எடுத்துக்கொண்டார். இது கருதத்தக்கது. ஊரார் எதனை விரும்புவர் என்று நாடி ஓடாமல், தம் கையிருப்பிலிருந்து அவர் தொடங்கினார். அவர் எழுதிய கட்டுரைகள் 4000க்கு மேற்பட்டவை. அத்தொகையை இருபது ஆண்டுகளுக்குப் பகுத்தாலும், இரண்டு நாளுக்கு ஒன்று என்னும் கணக்குக்குக் குறையாது. ஒரே மூச்சில் எழுதிக் குவித்தவை அல்ல அவை. சிறு கட்டுரை ஒன்று இன்று. அதனை நிரப்பும் செய்தி நாளை. அதனோடு தொடர்புடைய மற்றொன்று அதன் மறுநாள் என வளர்ந்தவை. கனடாவில் உள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதினை அவர்க்கு வழங்கிற்று. அஃது அவர் பணி தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு கழிந்த பின்னர் வந்த சிறப்பு. தனிமையில் தொடங்கிய அக்களஞ்சியம் பலர் கைசேர வளர்ந்து, 2017ஆம் ஆண்டில் ஒரு நூறாயிரம் கட்டுரைகளைக் கண்டது.

பின்னர் வந்து சேர்ந்தோருள் புலவர் செங்கை பொதுவன் ஒருவர். எழுபது அகவை கடந்த பின்னர் இப்பணியில் இறங்கியவர் அவர். கணிப்பொறி இளையோர்க்கே உரியது என்று முதியோர் பலர் ஒதுங்கி நின்ற காலத்தில், அவர் விசைப்பலகையைப் பழகிக்கொண்டு, சங்கப் புலவர்களைப் பற்றியும் பழந்தமிழ் நூல்களைப் பற்றியும் நூற்றுக்கணக்கில் எழுதினார். வாழ்நாள் முழுவதும் கற்றதை வைத்து எழுதுவோர்க்குப் பொருள் முட்டுப்படுவதில்லை.

இவ்விருவர்க்கும் முன்னரே 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் என்னும் முயற்சி தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்து நாட்டு இலோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கு. கல்யாணசுந்தரம். பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டு இணையத்தில் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கச் செய்தலே அதன் நோக்கம். ஒரு நாட்டில் உள்ளவர் தட்டச்சிடுவார். வேறொரு நாட்டில் உள்ளவர் பிழை திருத்துவார். ஒருவரையொருவர் கண்டறியாதார் பலர். அக்காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் அடித்த தமிழ், அவ்வெழுத்துரு இல்லாதார் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஒருங்குறி பரவிய பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. அது தீரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முன்பு இட்டவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டனர். இங்ஙனம் 500க்கு மேற்பட்ட நூல்கள் அங்குத் திரண்டுள்ளன.

எழுதுவோர் மட்டும் அல்லர், காணொளி ஆக்குவோரிடத்தும் இவ்வொழுங்கைக் காணலாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலம் என்னும் சிற்றூரில் 2018ஆம் ஆண்டு உழவர் குடும்பத்து இளைஞர் சிலர் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற பெயரில் யூடியூபில் சமையற் காணொளிகளை வெளியிடத் தொடங்கினர். அவர்களுக்குத் தலைவராக நின்றவர் சமையல் தொழிலறிந்த பாட்டனார் பெரியதம்பி. மாடமாளிகையும் இல்லை, பேச்சுத் திறம் காட்டும் நீண்ட உரையும் இல்லை. வயல்வெளியில் அடுப்பு மூட்டுவர். சேர்க்கும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரத்துச் சொல்லி இடுவர். சமைத்த உணவை முதியோர்க்கும் வறியோர்க்கும் வழங்குவர். காணொளிக்குக் காணொளி இம்முறை மாறுவதில்லை. ‘ஒன்றையே திரும்பச் செய்தால் காண்போர்க்குச் சலிக்காதோ?’ எனலாம். சலிப்பதில்லை. நாள்தோறும் உதிக்கும் ஞாயிறு யார்க்குச் சலித்தது? 2021ஆம் ஆண்டு சூலையில் ஒரு கோடிப் பேர் பின்தொடரும் முதல் தமிழ் யூடியூப் தடமாக அஃது ஆயிற்று. அப்பொழுது அவர்கள் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு 10 இலட்சம் உரூபாய் வழங்கினர்.

கோடி என்னும் எண்ணைக் கேட்டதும் இளையோர் சிலர்க்கு மனம் அங்கேயே நின்றுவிடும். இங்குதான் சோர்வு பிறக்கின்றது. எத்தனை பேர் கண்டனர், எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தனர் என்று நாழிகைக்கொருமுறை நோக்கியிருத்தல், விதைத்த விதை முளைத்ததா என்று நாள்தோறும் தோண்டிப் பார்ப்பதை ஒக்கும். பார்வையாளர் தொகை எழுதுவோன் ஆட்சியில் இல்லை. இன்று எழுதுவதா, எழுதாதொழிவதா என்பதே அவன் ஆட்சியில் உள்ளது. மயூரநாதன் முதலாண்டில் வாசகர் தொகையை எண்ணியிருப்பாராயின் இரண்டாம் ஆண்டு எழுதியிருப்பாரோ?

ஆள்கின்ற பொருளிலேயே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். பள்ளியிற் பயில்வோன் நாள்தோறும் வெளியிட முயலுதல் அறிவுடைமை ஆகாது. தேர்வு வந்ததும் அறுந்துபோம். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்நாளில் தவறாது ஒரு பக்கம் வெளியிடுவானாயின் ஆண்டுக்கு 52 பக்கம் ஆகும். அது சிறு நூல் அன்றோ? நோயும் விருந்தும் வரும் நாட்களுக்கென இரண்டு மூன்று கட்டுரைகளை முன்னரே எழுதிக் கைவசம் வைத்திருத்தல் நன்று. எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தால் கண் காணாத பிழையைச் செவி காணும். பிழையை ஒருவர் சுட்டினால் மறைக்காமல் திருத்துதல் வேண்டும். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் வரலாறாகப் பதிந்திருக்கும். அங்கு எவரும் அதனை இழிவாகக் கருதுவதில்லை. வீண்வசை கூறுவார்க்கு விடை எழுதிக்கொண்டிருத்தல் மட்டும் வேண்டா. அடுத்த கட்டுரைக்குரிய பொழுதை அது தின்றுவிடும். பிறர் எழுத்தையோ படத்தையோ தமதெனக் காட்டுதல் களவு. தன் வீட்டு முகவரியையும் பிறருடைய தனிச் செய்திகளையும் வெளியிடுதலும் கூடாது.

‘எழுதுவதற்குப் பொருள் எங்கே?’ என்பது அடுத்த வினா. மடவார் வளாகத்திலும் இராசபாளையத்திலும் உள்ள மாணவர்க்கு இவ்வினா எழவே கூடாது. மேற்கே மலைத்தொடர். அங்கே 1988இல் அமைந்த சாம்பல்நிற அணில் சரணாலயம், 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டாகின்றது. அத்துணி கட்டப்பெற்றவர் அதனை நெய்த ஊரை அறியார். தறியில் அமர்வோரை உசாவி, நூல் பாவாவது முதல் துணி வெளுக்கப்படுவது வரை ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் வழங்கும் சொற்களை ஒருவன் தொகுத்தால், வாரத்துக்கு ஒன்றாகப் பல மாதங்களுக்கு எழுதலாம்.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதனை உண்டோர் பலர். கிண்டக் கண்டோர் சிலரே. எத்தனை படி பாலுக்கு எவ்வளவு சருக்கரை, அடுப்பில் இடும் விறகு எது, பால் எந்நிறம் கொள்ளும்போது துடுப்பின் வேகத்தைக் குறைப்பர், பதம் வந்ததை எதனால் அறிவர் என்றெல்லாம் அடுப்படியில் நிற்கும் முதியவரிடம் மாணவன் ஒருவன் ஒரு காலைப்பொழுது கேட்டு எழுதுவானாயின், முதல் வாரத்துக்குரிய பக்கம் அவன் கையில் இருக்கும்.