பிள்ளைக்கு மட்டுமா ஊசி?

மட்டக்களப்பில் பிள்ளைக்கு ஊசி போடச் சொல்லி எந்தத் தாயையும் கெஞ்ச வேண்டியதில்லை. கிளினிக் நாளென்றால் காலையிலேயே குடையும் கொப்பியும் பிள்ளையுமாக வந்து நிற்பார்கள். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இது ஒன்றுதான். பிறந்ததும் பி.சி.ஜி., இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி, ஒன்பதாம் மாதம் எம்.எம்.ஆர். என்று குடும்பநல உத்தியோகத்தர் குறித்துக் கொடுத்த திகதி தவறாது. நாட்டளவில் இந்த ஊசிகள் 95 வீதத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சென்றடைகின்றன. எங்களைவிடப் பணக்கார நாடுகள் பலவற்றால் இதைச் செய்ய முடியவில்லை.

ஆனால் அதே வீட்டில் நீரிழிவோடு இருக்கும் அம்மம்மாவுக்கும், இழுப்புக்காரத் தகப்பனுக்கும், ஏழு மாதக் கர்ப்பிணியான சித்திக்கும் இன்புளுவென்சா ஊசி போட்டீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "ஊசி பிள்ளைக்குத்தானே" என்பார்கள். இந்த எண்ணம்தான் எனக்குப் பெரிய கவலை. வளர்ந்தவர்களுக்கு ஊசி புதிதா என்ன? கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்புவலி ஊசி இந்த நாட்டில் 1969 இலிருந்து போடப்படுகிறது. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் மூளைக்காய்ச்சல் ஊசி போடாமல் விமானம் ஏற முடியாது. விசர்நாய் கடித்தால் எந்த வயதென்றும் பாராமல் வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். இன்புளுவென்சா என்றதும் மட்டும் கையை மடக்கிக்கொள்கிறோம். அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"தடிமன் காய்ச்சலுக்கு என்னத்துக்கு ஊசி?"

தடிமனுக்கு ஊசி இல்லை, அது தேவையுமில்லை. மூக்கு வடியும், தொண்டை கரகரக்கும், இரண்டு நாள் மல்லித்தண்ணி குடித்தால் ஆள் எழும்பிவிடும். இன்புளுவென்சா வருவது வேறு விதமாக. காலையில் வயலுக்குப் போனவர் மாலையில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் படுத்துவிடுவார். திடீரென்று கடும் காய்ச்சல், தலையிடி, வறட்டு இருமல். திடகாத்திரமானவர் ஒரு கிழமையில் தேறிவிடுவார். முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதயம், சிறுநீரகம், நுரையீரல் பழுதானவர்கள், நீரிழிவுக்காரர் ஆகியோருக்கு அது நியுமோனியாவாக மாறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் பருவகால இன்புளுவென்சா ஆண்டுதோறும் 30 லட்சம் முதல் 50 லட்சம் பேரைக் கடுமையாகத் தாக்குகிறது. சுவாசக் கோளாறால் மட்டும் 2 லட்சத்து 90 ஆயிரம் முதல் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை இறக்கிறார்கள்.

இந்தத் தீவும் அதைக் கண்டிருக்கிறது. 1918, 1919 ஆம் ஆண்டுகளில் வந்த பெரும் காய்ச்சலில் இலங்கை இழந்த உயிர்கள் சுமார் 3 லட்சம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றைய சனத்தொகையில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் மேல். 2009 இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 மறைந்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். அந்த வைரஸ் பருவகால வைரஸ்களில் ஒன்றாக இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"மழையில் நனைந்ததால் வந்தது"

மாரியில் காய்ச்சல் கூடுவது உண்மை. இலங்கையில் இன்புளுவென்சா கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒரு தடவை ஏறும். ஆனால் சித்திரையிலிருந்து ஆனி வரை இன்னொரு தடவையும் ஏறுமே! அப்போது மட்டக்களப்பில் மழை ஏது? கச்சான் காற்று முகத்தைச் சுடும் காலமல்லவா அது? மழையும் வாடையும்தான் காரணமென்றால் இந்த இரண்டாவது ஏற்றத்தை விளங்கப்படுத்த முடியாது. நோயைத் தருவது வைரஸ். ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் அது அடுத்தவருக்குப் போகிறது. மழை செய்யும் வேலை, கதவு யன்னலைப் பூட்டி எல்லோரையும் ஒரே அறைக்குள் இருத்துவது. வெள்ளத்துக்குப் பாடசாலைகளில் தங்கவைக்கப்படும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பம், நடுவில் ஒருவரின் இருமல்.

"ஊசி போட்ட பிறகுதான் எனக்குக் காய்ச்சலே வந்தது"

சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஊசி போட்ட இடம் நோகும். சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாள் மெல்லிய காய்ச்சலும் உடம்பு நோவும் இருக்கும். உடம்பு பாதுகாப்பைத் தயாரிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ், அல்லது அதன் துண்டுகள். அவற்றால் பெருக முடியாது, நோயைத் தரவும் முடியாது. பாதுகாப்பு வரச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். ஊர் முழுக்க இருமிக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய் ஊசி போட்டவருக்கு அந்த இடைவெளியில் நோய் தொற்றினால் பழி ஊசிமேல் விழுகிறது.

அதற்காக இந்த ஊசி முழுக் காப்பு என்று நான் சொல்லமாட்டேன். சுற்றும் வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்திய ஆண்டுகளிலேயே வைத்தியரிடம் போகுமளவு நோய் வரும் ஆபத்தை அது 40 முதல் 60 வீதம் வரைதான் குறைக்கிறது. எம்.எம்.ஆர். தரும் பலத்துக்கு இது கிட்டவும் வராது. ஆனால் ஊசி போட்டவர் நோயில் விழுந்தாலும் வைத்தியசாலைக் கட்டில்வரை போகும் வாய்ப்பும் உயிராபத்தும் குறைகின்றன. எழுபது வயது அம்மம்மாவுக்கு வேண்டியது அதுதான்.

"போன வருஷம் போட்டாச்சே"

போன மாரியில் வெட்டிய முகத்துவாரத்தை நம்பி இந்த மாரி வெள்ளத்தைப் பார்த்திருக்க முடியுமா? மணல் அடைத்துவிடுகிறது, மறுபடி வெட்டுகிறோம். இன்புளுவென்சா வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, ஊசி தந்த காப்பும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு தடவை கூடி, அடுத்த பருவத்து ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பதென்று பரிந்துரைக்கிறது. 2020 பங்குனிக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படாத பி வகையின் யமகாட்டா கிளையை அண்மைய பரிந்துரைகளில் நீக்கிவிட்டார்கள்.

"அம்மாள் வருத்தத்துக்கு ஊசி போட்டால் குற்றம்"

இது பிள்ளைகளின் ஊசிக்கும் சிலர் சொல்லும் காரணம். இதை ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடந்து குளிர்த்தி பாடும் மண் இது. அந்தக் குளிர்ச்சியை வேண்டி நிற்கும் மனதில் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளைநோய் கண்ட பயம் இருக்கிறது. சின்னமுத்தோ கொப்புளிப்பானோ வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாரை உள்ளே விடாமல், பிள்ளையைத் தனியே படுக்கவைத்த வழக்கம் நோய் பரவுவதையும் குறைத்தது.

பிழை எங்கே என்றால், நோய் வந்த பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் வைத்திருப்பதிலும், வருமுன் போடும் ஊசியைத் தெய்வத்துக்கு எதிரானதாக எண்ணுவதிலும். அம்மாள் வந்த பிள்ளைக்கு நோய் நடுவே யாரும் ஊசி போடுவதில்லை. ஊசி போடுவது பிள்ளை சுகமாக இருக்கும்போது. அம்மை குத்துதல் இலங்கைக்கு 1802 இல் வந்தது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதென 1980 இல் அறிவித்தார்கள். பெரியம்மை போய்விட்டது, வைகாசிச் சடங்கு இன்றும் குறைவின்றி நடக்கிறது.

சின்னமுத்தைச் சின்ன நோயாக எண்ணுவது இன்னொரு பிழை. அது நியுமோனியாவையும் மூளை வீக்கத்தையும் தரக்கூடியது. பிள்ளையின் உடம்பு வேறு நோய்களுக்கு எதிராக முன்பு தேடிவைத்த நினைவையும் அழித்துவிடும். 2019 இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2023 இல் நோயாளர்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். 2024 தொடக்கத்தில் சில மாவட்டங்களில் ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. கோவிட் காலத்தில் கிளினிக் தவறிய பிள்ளையின் கொப்பியை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதத்துக்கொன்று, மூன்று வயதுக்கொன்று என்று இரண்டு எம்.எம்.ஆர். பதிவு இருக்க வேண்டும்.

"இப்போது அந்த நோயே இல்லையே"

இளம்பிள்ளைவாதத்தை இந்தத் தலைமுறைத் தாய்மார் கண்டதில்லை. இலங்கையின் கடைசி நோயாளி 1993 இல். அந்த நிலை எப்படி நிலைத்தது? 1995 இலிருந்து தேசிய போலியோ நாட்களுக்காக யுனிசெஃப் போரிட்டுக்கொண்டிருந்த இரு தரப்போடும் பேசி, அந்த நாட்களில் சண்டையை நிறுத்தவைத்தது. வேறு எதற்கும் ஓயாத துவக்குகள் வடக்கு கிழக்கில் பிள்ளைகளின் வாயில் இரண்டு சொட்டு விடுவதற்காக ஓய்ந்தன. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததை, நோய் கண்ணில் படவில்லை என்பதற்காக விட்டுவிட முடியாது.

"ஊசியால் வந்த சாவை மறைக்கிறார்கள்" என்றும் கைத்தொலைபேசியில் வருகிறது. 2008 இல் இங்கே ஐந்து நோய் கூட்டு ஊசி அறிமுகமாகி, சில மாதங்களில் சில பிள்ளைகளின் இறப்பு அதனோடு சேர்த்துப் பேசப்பட்டபோது, அரசு அதைப் பகிரங்கமாகவே நிறுத்திவைத்தது. வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்த பிறகே 2010 இல் மறுபடி தொடங்கினார்கள். சமோவா தீவில் நடந்தது இதற்கு மாறு. 2018 இல் இரண்டு தாதியர் எம்.எம்.ஆர். தூளைக் கரைக்க நீருக்குப் பதில் வேறொரு மருந்தைத் தவறாக எடுத்ததால் இரண்டு குழந்தைகள் இறந்தன. குற்றம் ஊசியுடையதல்ல. ஆனாலும் ஊசி மாதக்கணக்கில் நின்றது, பயம் பரவியது, ஊசி போட்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தார்கள். 2019 இல் சின்னமுத்து புகுந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிகூட இல்லாத அந்த நாட்டில் 83 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள்.

"ஊசி போட்டாச்சு, இனி எந்தக் காய்ச்சலும் வராது"

இந்த நம்பிக்கையும் ஆபத்தானது. இன்புளுவென்சா ஊசி டெங்கைத் தடுக்காது, எலிக்காய்ச்சலைத் தடுக்காது. வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலையிலும் பெரும்போக வயலில் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சலுக்கான ஊசி இங்கே இல்லை. அவர்களுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பொதுச் சுகாதார பரிசோதகர் இலவசமாகத் தருவார். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று பயந்தது கடைசியில் எலிக்காய்ச்சலாகத்தான் முடிந்தது. எந்தக் காய்ச்சலென்று தெரியும்வரை பரசிட்டமோலைத் தவிர இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற நோ மாத்திரைகளைத் தொடாதீர்கள். டெங்காக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். மீதமிருந்த அன்டிபயோட்டிக்கும் வேண்டாம், வைரஸுக்கு அது வேலை செய்யாது.

காசைப் பற்றிப் பேசாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் நிர்ப்பீடன நிகழ்ச்சித்திட்டத்தில் இன்புளுவென்சா ஊசி சேரவில்லை. தனியார் வைத்தியசாலையில் பணம் கொடுத்துத்தான் போட வேண்டும். வாவியில் வலை வீசி அன்றாடம் உழைக்கும் வீட்டுக்கு, நாலு பேருக்கு ஊசி என்பது பெரிய செலவு. குறைந்தபட்சம் கர்ப்பிணிகளுக்கும், இரத்தச் சுத்திகரிப்புக்கு வருகிறவர்களுக்கும், வார்ட்டில் நிற்கும் தாதியருக்கும் அரசு இதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஏற்புவலி ஊசி போடும் அதே கிளினிக்கில், அதே மிஸ்ஸியின் கையால் போடலாம்.

அதுவரை வீட்டில் ஒருவருக்குத்தான் முடியுமென்றால் கர்ப்பிணிக்குப் போடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் அவளுடைய காப்பு குழந்தைக்கும் போகும். கர்ப்பிணி இல்லாத வீட்டில் முதியவருக்கும் நீண்டகால நோயாளிக்கும் முதலிடம். முட்டை ஒவ்வாமை, முன்பு ஊசிக்கு வந்த கடும் ஒவ்வாமை இருந்தால் வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். மாரி தொடங்குமுன், புரட்டாதி ஐப்பசியில் போடுவது நல்லது. ஊசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. வாங்கிப் பையில் வைத்துக் கல்லடிப் பாலத்து வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் பழுதாகிவிடும். வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். நோய் வந்துவிட்டால் ஊசியால் பயனில்லை. முதியவரோ கர்ப்பிணியோ கடும் காய்ச்சலில் விழுந்தால் "இரண்டு நாள் பார்ப்போம்" என்று வீட்டில் வைத்திராதீர்கள். வைரஸுக்கு எதிரான ஒசல்டமிவிர் மருந்து காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.