கடல் விளைவும் கடற்சட்டமும்

கடலில் எப்போது எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று வரையறுப்பது மன்னாருக்குப் புதிதன்று. முத்துக்குளிப்புக் காலத்தில் அரசாங்க அதிகாரி முதலில் முத்துப்பார்களைப் பார்வையிடுவார். மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்து முதிர்ச்சியைக் கணிப்பார். சிப்பி முதிராவிட்டால் அவ்வாண்டு குளிப்பு இல்லை.

1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பார்கள் லண்டன் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907ஆம் ஆண்டுடன் விளைவு வற்றியது. தவணை முடியுமுன்பே கம்பனி கலைந்தது. இயற்கைக் காரணங்களும் உண்டு. ஆயினும் கடலின் விளைவைக் குத்தகைச் சீட்டால் உறுதிப்படுத்த முடியாது என்பது தெளிவாயிற்று.

உலகச் சட்டம் கூறுவது என்ன? 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம், கரையோர நாட்டுக்கு உரிமையோடு கடமையையும் கொடுக்கிறது. பிடிக்கக்கூடிய அளவை அந்நாடு நிர்ணயிக்க வேண்டும் என்கிறது 61ஆம் உறுப்புரை. ஒரே மீனினம் இரு நாட்டுக் கடலிலும் வாழுமானால், அதைக் காக்க இரு நாடுகளும் உடன்பாடு காண முயல வேண்டும் என்கிறது 63ஆம் உறுப்புரை.

இலங்கையும் இந்தியாவும் 1974இலும் 1976இலும் கடல் எல்லையை வகுத்தன. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யலாகாது என்றும் 1976இல் முடிவாயிற்று. ஆனால் மீனுக்கு எல்லை தெரியாது. அதைச் சேர்ந்து பராமரிக்கும் உடன்படிக்கை இன்னும் பிறக்கவில்லை.

இதற்கிடையே, எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் பேசாலை, தலைமன்னார்த் தொழிலாளரின் வலைகளை அறுத்துச் செல்கின்றன. பாரமான இழுவைமடி கடலின் அடியை வாரிச் செல்கிறது. இறாலும் மீன்குஞ்சும் வளரும் கடற்புல் பெயர்கிறது. இன்று குஞ்சை அள்ளினால் நாளை மீன் ஏது? இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. 2016இல் அமைந்த இருநாட்டுக் கூட்டுக்குழுவும் அத்தொழிலை நிறுத்த வேண்டுமென ஏற்றுக்கொண்டது. அக்கரையில் கடன்பட்டுப் படகு வாங்கியவனுக்கு மாற்றுத்தொழில் கிடைத்தாலன்றி இது முற்றுப்பெறாது. அவனும் கச்சதீவு அந்தோனியார் திருநாளில் நம்மோடு முழந்தாளிடுபவனே.

நம் பக்கமும் பார்ப்போம். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையும் டைனமைற்றும் நம் கரையில் இருக்கும்வரை, நம் முறைப்பாட்டின் வலு குறையும்.

குடும்பத்தில் கலந்துரையாட:

1. முதிராத சிப்பியை விட்டுவைத்த பழைய ஒழுங்கை இன்று எந்த மீனுக்குக் கைக்கொள்ளலாம்?

2. நம் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம் எந்த வலையை முதலில் விலக்க வேண்டும்?